யாருடைய சுதந்திரம்?

"அந்தக் காலத்து மனிதர் சுதந்திரமாகச் சீவித்தார்கள். இன்று நாம் கடிகாரத்துக்கும் கைத்தொலைபேசிக்கும் அடிமையாகிப் போனோம்." கலியாணப் பந்தலிலும் செத்தவீட்டுத் திண்ணையிலும் இப் பேச்சைக் கேளாதவர் நம்மில் அரிது. அன்பான வாசகரே, இதற்குத் தலையசைக்குமுன் ஒன்று கேட்போம்: அந்தக் காலத்தில் சுதந்திரமாகச் சீவித்தவர் யார்?

1707இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்து வழக்கங்களைத் 'தேசவழமை' என எழுத்தில் வகுத்தனர். சீதனம், முதுசம், காணி, அடைமானம் என்பவற்றோடு அடிமைகளுக்கும் அதில் ஒரு பகுதி உண்டு. அடிமைப் பெண் பெற்ற பிள்ளை அவளுடைய எசமானுக்கே சொந்தம். தகப்பன் யாராயிருந்தாலென்ன, பசுவின் கன்று பசுவின் சொந்தக்காரனுக்கு என்பதுபோல! நாற்சார் வீட்டையும் மாமரத்து நிழலையும் எண்ணி நாம் ஏங்கும்போது, அந்த முற்றத்தைக் கூட்டியவள் நம் நினைவில் வருவதில்லை.

1844இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. ஆனால் விடுதலை பெற்றவனுக்கு நிலம் கிடைக்கவில்லை. பொதுக் கிணறும், பள்ளிக்கூடமும், தேநீர்க்கடையும் சாதியின் பேரால் மறுக்கப்படுவதைக் குற்றமாக்கும் சட்டம் 1957இல்தான் வந்தது. இடையில் 113 ஆண்டுகள்! கத்தோலிக்க ஆலயங்கள் சிலவற்றிலும் சாதிக்கொரு பக்கம் இருந்ததை மறைத்துப் பயனில்லை. ஆகவே இக்காலம் அக்காலத்திலும் மேலானது என்று சொல்ல நான் தயங்கமாட்டேன். பழமையைப் புகழ்கிறவர் பெரும்பாலும் திண்ணையில் இருந்தவரின் பேரப்பிள்ளைகளே.

எனினும் சங்கிலி இல்லாத இடமெல்லாம் சுதந்திரம் ஆகிவிடுமா?

வெளிநாட்டுக்கு வீட்டுப் பணிப்பெண்ணாகப் போகும் ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய்மார் போவதை 2013இல் அரசு கட்டுப்படுத்தியது. 2022இல் நாட்டில் டொலர் இல்லாமற் போனபோது அக் கட்டுப்பாடு தளர்ந்தது. தடுத்தபோதும் சரி, விட்டபோதும் சரி, அவளுடைய மனச்சாட்சியை மதித்துச் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. போன இடத்திலோ கஃபாலா முறை. வளைகுடா நாடுகள் பலவற்றில் நெடுங்காலமாக, தொழில் கொடுத்தவர் சம்மதியாமல் வேறு வேலைக்கு மாற வழியிருக்கவில்லை. சில நாடுகள் அண்மையில்தான் அதைத் தளர்த்தின.

"அவள் தன் விருப்பத்தோடுதானே கையெழுத்து வைத்தாள்?" என்பீர்கள். உண்மை. தேசவழமைக் காலத்து அடிமையை எவரும் கையெழுத்துக் கேட்கவில்லை. அந்த வித்தியாசம் சிறிதன்று. ஆனால் அரிஸ்டாட்டில் ஓர் உதாரணம் சொல்லுகிறார். புனித தோமா அக்குவினாசும் அதை ஆராய்ந்தார். புயலில் அகப்பட்ட மாலுமி சரக்கைக் கடலில் எறிகிறான். எறிவது அவன் கைதான். எறியத் தீர்மானித்ததும் அவனே. ஆனால் புயல் இல்லாதிருந்தால் எந்த மாலுமி தன் சரக்கை எறிவான்? அது விருப்பமும் விருப்பமின்மையும் கலந்த செயல் என்றார்கள்.

மாலுமிக்குப் புயலை அனுப்பியது வானம். இவளுக்கு அனுப்பியது யார்? வட்டிக்கு வாங்கிய கடன், புருசனின் குடி, அரைகுறையாய் நிற்கும் கல்வீடு, தங்கைக்குப் பேசிய சீதனம். இவற்றுட் பல நம் வீட்டுக்குள்ளேயே எழும்பிய காற்று. சீதனம் கேட்டவர் அயலூரான் அல்லர். கோயிலில் நமக்குப் பக்கத்தில் முழந்தாட்படியிடுகிறவர். மாதாமாதம் அவள் அனுப்பும் காசை எண்ணி எடுக்கும்போது, "அவள் விரும்பித்தான் போனவள்" என்று சொல்வது நமக்கு வசதியாயிருக்கிறது.

புறப்படுவதற்கு முந்தின இரவு அவள், "நான் போகமாட்டேன்" என்று சொல்லியிருந்தால், அந்த வீட்டில் யார் அவளுக்குச் சோறு போட்டிருப்பார்?