மனச்சோர்வு விசுவாசக் குறைவா?



எடமலைப்பட்டி புதூரில் நம் உபவாச ஜெபத்துக்கு ஒரு தங்கச்சி வந்தாள். கைக்குழந்தையை அடக்கம்பண்ணி நாலு மாதம் ஆகியிருந்தது. "பாஸ்டர், தூக்கம் வரல, சாப்பிடப் பிடிக்கல, ஜெபிக்கவும் முடியல" என்றாள். நானோ, "அவிசுவாசத்துக்கு இடங்கொடாதேம்மா, துதி, எல்லாம் போயிடும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அடுத்த வாரம் அவள் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. நான் சொன்னது சரிதானா என்ற கேள்வி என்னைக் குத்த ஆரம்பித்தது.

அந்த நாட்களில்தான் கிருபாபாய் சத்தியநாதன் என்ற அம்மையாரைக் குறித்து வாசித்தேன். 1862-ல் அகமத்நகரில், பிராமண குலத்திலிருந்து கிறிஸ்துவிடம் வந்த குடும்பத்தில் பிறந்தவர்கள். ஆங்கிலத்தில் "சகுணா" என்ற நாவலை எழுதினார்கள். அது 1887, 1888-ம் வருஷங்களில் சென்னை கிறிஸ்தவக் கல்லூரிப் பத்திரிகையில் தொடராக வந்தது. கதை என்று பெயரே தவிர, பெரும்பாலும் அவர்களுடைய சொந்த ஜீவியம்தான். அறிவுக்கண்ணைத் திறந்துவிட்ட அண்ணன் பாஸ்கர் வாலிப வயதில் மரித்துப்போகிறார். தங்கை உடைந்துபோகிறாள். மெல்ல எழும்பி, சென்னைக்கு வந்து மருத்துவம் படிக்கிறாள். சரீரம் தாங்கவில்லை, படிப்பு நின்றுபோகிறது. கடைசியில் நல்ல துணை கிடைக்கிற சந்தோஷத்தோடு கதை முடிகிறது.

நம் சாட்சி நேரமும் இப்படித்தானே? "துக்கத்தில் இருந்தேன், ஜெபித்தேன், விடுதலையானேன், ஸ்தோத்திரம்!" என்று சொல்லி உட்கார்ந்துவிடுகிறோம். ஆனால் அம்மையாரின் ஜீவியம் கதையோடு முடியவில்லை. அவர்களுக்குப் பிறந்த ஒரே குழந்தை ஒரு வயது நிறையும் முன்னே மரித்தது. வைத்தியம் பார்க்கும் அளவுக்கு மனச்சோர்வில் விழுந்தார்கள். காசநோயும் கண்டது. அந்த நிலையிலும் "கமலா" என்ற இரண்டாம் நாவலை எழுதினார்கள். 1894-ல், 32-ம் வயதில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள்.

அப்படியானால் முதலில் எழும்பினது பொய்யா? விசுவாசம் குறைந்ததால்தான் இருள் திரும்பி வந்ததா? இல்லை, தேவபிள்ளைகளே. காய்ச்சல் சுகமானவனுக்கு மறுபடி காய்ச்சல் வந்தால், முந்தின சுகம் பொய் என்போமா?

1 இராஜாக்கள் 19-ம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். கர்மேலில் அக்கினி இறங்கக் கண்ட எலியா, சூரைச்செடியின்கீழ் படுத்துக்கொண்டு சாவைக் கேட்கிறார். தூதன் வந்து பிரசங்கம்பண்ணவில்லை, கடிந்துகொள்ளவும் இல்லை. தட்டியெழுப்பிச் சாப்பாடும் தண்ணீரும் கொடுத்தான். தீர்க்கதரிசி மறுபடியும் தூங்கினார். இரண்டாந்தரமும் சாப்பாடு வந்தது. அதற்கப்புறம்தான் ஓரேபில் கர்த்தருடைய மெல்லிய சத்தம் கேட்டது. 88-ம் சங்கீதமோ இருளிலேயே முடிகிறது. அதையும் ஆவியானவர் வேதத்தில் வைத்திருக்கிறார். முடிவில் "அல்லேலூயா" இல்லாவிட்டாலும் அது ஜெபந்தான்.

சிலர் கேட்கலாம், "மனசுக்கு மாத்திரை சாப்பிட்டால் விசுவாசம் என்னாகும்?" என்று. சுகருக்கு மாத்திரை போட்டுக்கொண்டுதானே ஆராதனைக்கு வருகிறோம்? பவுலோடு இருந்த லூக்காவும் வைத்தியர்தான். புத்தூர் அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற இலவச நம்பரில் தமிழிலேயே பேசலாம். ஜெபமும் பண்ணுங்கள், டாக்டரிடமும் கூட்டிப்போங்கள்.

போன வாரம் நானும் என் மனைவியும் அந்தத் தங்கச்சி வீட்டுக்குப் போனோம். நான் மன்னிப்புக் கேட்டேன். என் மனைவி கொண்டுபோன ரசம் சாதத்தில் நாலு வாய் சாப்பிட்டாள். டாக்டரைப் பார்க்கவும் சம்மதித்தாள். இன்னும் சபைக்கு வரவில்லை. வந்தாலும் அவளிடம் யாரும் சாட்சி கேட்க வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.

நொறுங்குண்ட இருதயத்தைப் புறக்கணியாத தேவன் தாமே உங்களைத் தேற்றுவாராக. ஆமென்.