யாருடைய கஷ்டம்?

எங்கள் வீட்டுப் பூனைக்கு மறுபடியும் நீரடைப்பு. இரண்டு ஆண்டில் இது நான்காவது தடவை. ஆண் பூனையின் நீர்த்தாரை மிகக் குறுகல். உப்புப் படிந்து அது அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்து. மிருக வைத்தியர் குழாய் செலுத்தி நீரை இறக்குவார். தண்ணீர் நிறையச் சேர்த்து உணவு கொடுக்கச் சொல்வார். குணமாகும். பிறகு மீண்டும் வரும்.

"அதுக்கும் கஷ்டம், நமக்கும் கஷ்டம். ஊசி போட்டு முடிச்சுடச் சொல்லிடலாமா?" என்றாள் என் மனைவி. இரக்கமற்றவள் அல்ல அவள். இரவெல்லாம் அதன் பக்கத்தில் விழித்திருந்தவள்.

மனிதனானால் அவனையே கேட்டுவிடலாம். பூனையோ வலியை மறைக்கும் பிராணி. அதற்காக வாதாடுகிறவர்களும் நாமே, தீர்ப்புச் சொல்கிறவர்களும் நாமே. அந்தத் தீர்ப்பில் நம் அலுப்பும் செலவும் இரக்கத்தின் வேஷம் போட்டுக்கொண்டு நுழைந்துவிடாதா?

களைத்துப்போன அந்த இரவில் முடிவு செய்ய நான் மறுத்துவிட்டேன், வைத்தியரிடம் கொண்டுபோனோம். மூன்றாம் நாள் வீடு திரும்பிய பூனை என்னைப் பார்த்துச் சீறிவிட்டு, வெயிலில் உட்கார்ந்து பாதத்தை நக்கத் தொடங்கியது.

வாழ அதற்கு இன்னும் ஆசை இருக்கிறது. அந்த ஆசை ஒருநாள் அணையும். அன்றும் நான் அதைப் பிடித்து வைத்துக்கொண்டால், அதற்குப் பெயர் அன்பல்ல, அதுவும் சுயநலந்தான்.