பிடியரிசி மலையேறட்டும்

பாறசாலைக்காரருக்கும் நெய்யாற்றின்கரைக்காரருக்கும் மலை தூரமில்லை. வெள்ளறடை தாண்டி அம்பூரி போனால் அகத்தியமலை அடிவாரம். நெய்யாறு அணைத் தண்ணீருக்கு அக்கரையில் வாழும் காணிக்காரப் பழங்குடியினருக்குத்தான் நாம் தூரம். கும்பிச்சல் கடவில் எத்தனையோ காலம் வள்ளம்தான் வழியாக இருந்தது. அப்போதெல்லாம் நடுராத்திரி பிரசவ வலி எடுத்தவளுக்கு முதலில் வள்ளக்காரர் வர வேண்டும், பிறகு ஜீப் கிடைக்க வேண்டும், அதற்குள் மழை விட வேண்டும்.

அந்த மலைக்கு நாம் கடன்பட்டவர்கள். 1987இல் அகத்தியமலை ஏறிக் களைத்த ஆய்வாளர்களுக்குக் கூடப்போன காணிக்காரர் ஒரு செடியின் காயைத் தின்னக் கொடுத்தார்கள். அது ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து பாலோடு தாவரவியல் பூங்கா ‘ஜீவனி’ மருந்தை உருவாக்கியது. 1995இல் தயாரிப்பு உரிமை 10 லட்சம் ரூபாய்க்கும் 2 விழுக்காடு ராயல்டிக்கும் கைமாறியது. வருவதில் பாதி காணிக்காரருக்கு என்று ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஊரார் களைப்புக்கு மருந்து சொன்னவர், தன் பிள்ளையின் காய்ச்சலுக்கு ஒரு நாள் கூலியை விட்டு மலையிறங்குகிறாரே, நமக்கு உறுத்த வேண்டாமா?

‘அது சர்க்கார் பாடு’ என்று ஒதுங்காதீர்கள். ‘அது கேரளம், நாங்கள் தமிழ்நாடு’ என்றும் சொல்லாதீர்கள். பேச்சிப்பாறைப் பக்கமும் காணிக்காரர் உண்டு. 1956இல் போட்ட எல்லை அவர்கள் காட்டுக்குள்ளேதான் ஓடுகிறது.

நாம் கொடுக்காதவர்களும் இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கட்டடம் என்றால் அள்ளிக் கொடுக்கிறோம், வாசலில் பெயர்க்கல் பதிக்கிறார்கள். மலை ஆஸ்பத்திரி மூச்சுத் திணறுவதோ மாதச் செலவில். நர்ஸுக்குச் சம்பளம், ஜீப்புக்கு டீசல், டயர். தடுப்பூசி 2 டிகிரியிலிருந்து 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். காற்றில் மரம் சாய்ந்து கம்பி அறுந்த இரவிலும் அந்தக் குளிர் குறையக் கூடாது. இரண்டு மாதம் சம்பளம் தவறினால் நர்ஸ் போய்விடுவார், அவர் மேல் குற்றமில்லை. திறந்த கட்டடம் பூட்டிக் கிடக்கும்.

இதற்கு வழி நம் பாட்டிமாருக்குத் தெரியும். உலைக்கு அரிசி அளக்கும்போதெல்லாம் ஒரு பிடி தனிப்பானையில் போடுவார்கள். அந்தப் பிடியரிசியில் சபைகள் நடந்தன. ஒரு வீட்டில் மாதம் நூறு ரூபாய், தவறாமல், ஆண்டுக்கணக்கில். நூறு வீடு சேர்ந்தால் பத்தாயிரம் ஆயிற்று. திருவிழா வெடிக்கட்டில் ஒரு பங்கைக் குறைத்தாலே ஜீப் ஓடும்.

டாக்டர் பிள்ளைகளைப் பெற்றவர்களிடம் இன்னொன்று கேட்கிறேன். 1922இல் எவரெஸ்ட் பயணம் முடித்து நெய்யூருக்கு வந்த டாக்டர் சோமர்வெல், சிகிச்சைக்குக் காத்துக் கிடந்த கூட்டத்தைக் கண்டு, லண்டன் வேலையை விட்டுவிட்டு இருபது ஆண்டுகளுக்கு மேல் இங்கே உழைத்தார். காரக்கோணம் மருத்துவக் கல்லூரிக்கு அவர் பெயர்தான். உங்கள் பிள்ளையிடம் இருபது ஆண்டு கேட்கவில்லை. மாதம் இரண்டு நாள் மலைக்கு அனுப்புங்கள்.

தள்ளிப்போட நேரமில்லை. 2001 நவம்பர் 9 இரவு அம்பூரியில் மலை இடிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மண்ணுக்குள் போனார்கள். துலாமழை ஆண்டுதோறும் வருகிறது. இந்த ஞாயிற்றுக்கிழமையே பத்து வீட்டார் கூடி உட்காருங்கள். மலைக்குப் போகும் நர்ஸ் யார், அவருக்கு இந்த மாதம் என்ன குறைகிறது என்று விசாரியுங்கள். பானையை இன்றிரவே அடுப்பருகில் எடுத்து வையுங்கள்.