கவச அறையும் ஏகாந்தமும்

பூட்டுக்கும் இரும்புப் பெட்டிக்கும் பெயர்பெற்று, 2019ஆம் ஆண்டில் தன் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் அடைந்துவிட்ட திண்டுக்கல்லில், அடைத்து வைப்பதன் பயன் யாது என்ற விசாரம் வியர்த்தமாகாது. உலகத்தின் இரைச்சல் ஓய்ந்தால்தான் உள்ளிருந்து எழுவது இன்னதென்று விளங்கும் என்று கருதியே, ஆத்ம சோதனை செய்ய விரும்புவோர் கதவைச் சாத்திக்கொண்டு ஏகாந்தத்தில் அமர வேண்டுமென்று பெரியோர் பலர் விதித்தனர். மின்கருவிகளின் உமிழ்வை அளப்பதற்கென்று எழுப்பப்படும் கவச அறையும் இதே நம்பிக்கையின்மீது நிற்பதால், அதன் யோக்கியதையை ஆராய்வது ஏகாந்தத்தின் யோக்கியதையையும் ஓரளவு ஆராய்வதாகும்.

மின்சாரத்தால் இயங்கும் கருவி எதுவும், தனக்கு இட்ட தொழிலைச் செய்வதோடு, எவருக்கும் வேண்டாத அலைகளையும் சிறிது வெளியே விடுகிறது. அது பிறருடைய வானொலியைக் கெடுக்கும் அளவில் இல்லை என்று ருசுப்பித்த பிறகே கருவி சந்தைக்கு வரலாம். பெரும்பாலும் 30 முதல் 1000 மெகாஹெர்ட்ஸ் வரை இச்சோதனை நடக்கிறது. சிறுமலை தொலைவில் தெரியும் ஒரு பொட்டல் வெளியில் கருவியை வைத்து, 10 மீட்டர் தள்ளி ஆன்டெனாவை நிறுத்தி அளந்தால் குறுக்கே சுவரில்லை, எதிரொலி இல்லை, ஆனால் 100.5 மெகாஹெர்ட்ஸை நெருங்கியவுடன் கொடைக்கானல் பண்பலையின் பாட்டு வந்து நிறைந்துவிட, கருவியின் முணுமுணுப்பு அதனுள் புதைந்துபோகிறது. கைப்பேசிக் கோபுரங்கள் மலிந்த பின் வெட்டவெளியின் மௌனம் இன்னும் அருகிவிட்டது.

ஆகவே இரும்புத் தகட்டால் நாற்புறமும் அடைத்த அறையை நாடினர். 1836இல் மைக்கேல் ஃபாரடே பன்னிரண்டடிக் கூண்டொன்றைக் கட்டி, அதன் வெளிப்புறத்தில் தீப்பொறி பறக்கும்படி மின்னேற்றி, தாம் உள்ளே இருந்து சோதித்து, மின்சாரத்தின் சுவடுகூட அங்கே இல்லை என்று கண்டார். (அவர் சிறியதொரு கிறிஸ்தவச் சபையின் பக்தியுள்ள அங்கத்தினராகவும் இருந்தவர், கூண்டுக்குள் அமர்ந்த அந்த நேரத்தில் என்ன நினைத்திருப்பாரோ!)

இங்கேதான் சிக்கல் பிறக்கிறது. வெளியிலிருந்து வருவதை உள்ளே விடாத அதே குணத்தால், அந்தச் சுவர் உள்ளிருந்து எழுவதையும் வெளியே விடாமல் திருப்பி அடிக்கிறது. 6 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் 3 மீட்டர் உயரமும் உள்ள வெற்று இரும்பறை, ஏறக்குறைய 45 மெகாஹெர்ட்ஸிலேயே தானாக அதிரத் தொடங்கி, மேலே செல்லச் செல்ல எண்ணிறந்த இடங்களில் அதிர்கிறது. போன அலையும் திரும்பிய அலையும் கூடுமிடத்தில் அற்ப உமிழ்வு பூதாகாரமாகிறது. ஒன்றையொன்று அழிக்குமிடத்தில் பெரிய உமிழ்வும் சூனியமாகிறது. ஆன்டெனாவைச் சற்றே நகர்த்தினால் அளவு பத்து மடங்கு மாறக்கூடும். கம்பி வழியே செல்லும் கசிவை அளக்கவும், எந்த அதிர்வெண்ணில் குற்றம் உண்டு என்று துப்பறியவும் அவ்வறை போதும். வெளியில் பரவும் உமிழ்வு இவ்வளவு என்று தீர்ப்புச் சொல்ல அது தகுதியற்றது.

பாழுங்கிணற்றில் இறங்கித் தன் பெயரைத் தானே கூவியவன் கேட்ட குரல், அவன் குரல்தானா, கிணற்றின் குரலா? தனியறையில் நெடுநாள் தன்னையே ஆராய்பவனுக்கும் ஒரு சிறு குற்றம் மலையாகத் தோன்றுகிறது. வேறொரு பெருங்குற்றம், அவன் நிற்கும் இடத்தின் விசேஷத்தால், இல்லாமலே போய்விடுகிறது. முன்னதைப் பற்றி எச்சரித்தவர் பலர். பின்னதைப் பற்றி, ஏகாந்தத்தைப் புகழ்ந்தவர்கள் போதிய அளவு சொல்லவில்லை என்பது என் அபிப்பிராயம்.

சென்னை தரமணியில் உள்ள சமீர் மின்காந்தவியல் மையம் போன்ற இடங்களில், கவசச் சுவரின் உட்புறத்தை ஃபெரைட் ஓடுகளாலும் கரியூட்டிய நுரைக் கூம்புகளாலும் போர்த்துகிறார்கள். தன்மேல் விழுந்த அலையை அவை திருப்பி அனுப்பாமல் வாங்கி, வெப்பமாக்கிக் கரைத்துவிடுகின்றன. அதன் பின்னும், கருவி வைக்காத அறையையே முதலில் சோதித்து, கணக்கிட்ட மதிப்பிலிருந்து 4 டெசிபெலுக்கு மேல் விலகாவிட்டால்தான் அதை ஏற்கிறார்கள். கருவியோ அணைந்து கிடக்கக் கூடாது. மிகுதியாக உமிழும் நிலையில் இயங்கியபடியே சுழல்மேடையில் முழுவட்டம் சுற்ற, ஆன்டெனா ஒரு மீட்டரிலிருந்து நான்கு மீட்டர் வரை ஏறியிறங்குகிறது.

ஏகாந்தத்துக்கும் இந்த நிபந்தனைகள் பொருந்தும். ரமண மகரிஷி ஏறத்தாழப் பதினொரு வயதில் திண்டுக்கல்லில் இருந்தபோது, தனியே வீட்டைத் தாழிட்டுத் தூங்கிவிட்டாராம். திரும்பி வந்தவர்கள் கதவை இடித்தும், பின் எப்படியோ திறந்து உள்ளே புகுந்து அவரை அடித்தும்கூட அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் பிறர் சொல்லித்தான் அறிந்தார். ஜீவிதத்தில் அதைவிடச் செவ்வையாக அடைத்த அறை இருந்திருக்க முடியாது. எனினும் அங்கே அளக்கப்படுவதற்கு எதுவும் இயங்கவில்லை. பிற்காலத்தில் அவர் வியந்து பேசியது அந்தத் தூக்கத்தையன்று, விழித்தபடியே உறங்கும் ஜாக்ரத் ஸுஷுப்தியையே. வந்தவர் கொட்டிய கேள்விகளில் பல அவரிடமிருந்து திரும்பி வராமல் மௌனத்திலேயே ஒடுங்கின என்பார்கள். அவர் இருந்த கூடமோ அடைத்த அறையன்று. அல்லும் பகலும் எவரும் புகலாம். அவரும் சமையற்கட்டில் காய்கறி நறுக்குவதிலும் அச்சுப்படி திருத்துவதிலும் ஈடுபட்டே இருந்தார்.