யார் யாருக்குக் கடன்?

மண்டபம் முகாமைத் தாண்டும்போதெல்லாம் ஒரு கேள்வி குடைகிறது. வேலைக்கென்று ஒரு மனுசனை ஏத்திக்கிட்டுப் போனவன், அவன் குடியிருக்கும் வீட்டுக்கும் பொறுப்பா, இல்லையா?

1914-இல் பாம்பன் பாலம் வந்தது. தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். அந்த வழியே தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களில் நம்ம சேரிச் சனம் ஏராளம். மண்டபத்தில் நாள்கணக்கில் அடைத்துவைத்து, நோயில்லை என்று பார்த்துத்தான் அனுப்பினார்கள். வழிச்செலவு? அதுவும் கூலிக்காரன் தலையில் கடன். கடன் தீராமல் தோட்டம் மாற முடியாது. அதற்கென்று 'துண்டு'ச் சீட்டு. 1921-இல்தான் அது ஒழிந்தது.

குடியிருக்கக் கிடைத்தது லயத்தில் ஒரு காம்பரா. வேலை போனால் அதுவும் போச்சு. இங்கே பண்ணையார் நிலத்துக் குடிசைக்கும் அதே சட்டம்தானே!

"கூலி கொடுத்தாச்சு, கணக்கு முடிஞ்சது" என்பார்கள். கங்காணி குடும்பத்தோடுதான் ஏத்தினான். குடும்பம் என்றால் பிள்ளை பிறக்கும், சாவு விழும். கூலியோடு எப்படி முடியும்? 1948-இல் சிலோன் குடியுரிமையை மறுத்தது. 1964-இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவின் பங்காக எண்ணி வைத்தது. அவங்ககிட்ட யாரும் கேக்கல. இராமேஸ்வரத்தில் வந்து இறங்கியவர்களை ஊர் 'சிலோன்காரன்' என்றது. சாதியை மட்டும் மறக்காமல் விசாரித்தது.

1983-க்குப் பின் கலவரத்துக்கும் போருக்கும் தப்பி வந்தவர்களிலும் மலையகத்தார் உண்டு. அவர்களுக்கும் அதே மண்டபம். 2021-இல் அரசு 'மறுவாழ்வு முகாம்' என்று பேரை மாற்றியது. 2025-இல் பாம்பனில் புதுப் பாலமும் வந்தாச்சு. முகாமிலேயே பிறந்து வளர்ந்தவர்களில் பலர் இன்னும் குடியுரிமைக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.