இளைக்குது

நெய்வேலிப் பக்கம் மாப்பிள்ளைக்கு என்.எல்.சி. நிலக்கரி நிறுவனத்தில் வேலை என்றால் பேச்சு அதோடு முடிந்துவிடாது. "பர்மனென்ட்டா, காண்ட்ராக்ட்டா?" என்று அடுத்து ஒரு கேள்வி வரும். எல்லாம் அதில்தான் இருக்கிறது. ஒரே சுரங்கம், ஒரே ஷிப்ட், ஒரே தூசி. அடையாள அட்டை மட்டும் வேறு. 2020 ஜூலை 1 அன்று இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்தபோது தீ யாரிடமும் அட்டை கேட்கவில்லை. ஆனாலும் இறந்தவர்களில் பலர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். கொதிகலனுக்குப் பக்கத்தில் யார் நிற்க வேண்டும் என்பதைத் தீ முடிவு செய்வதில்லை.

மருத்துவமனைக்குள்ளும், யார் எங்கே நிற்கிறார்கள் என்ற இந்தக் கேள்வி உண்டு. நோயாளியிடம் மட்டுமல்ல, வைத்தியம் பார்க்கும் பக்கத்திலும்.

சில ஆண்டுகளுக்கு முன், கடலூர் மாவட்டத்து மருத்துவமனை ஒன்றில் என் அத்தையைக் கூட்டிக்கொண்டு போய் உட்கார்ந்திருந்தேன். எங்களுக்கு முன்னால் ஒரு கிராமத்து அம்மா, அறுபது வயதிருக்கும். டாக்டர் இளைஞர், நல்ல பொறுமைசாலி, பேச்சில் சென்னை.

"என்னம்மா செய்யுது?"

"ரொம்ப இளைக்குதுங்க."

டாக்டர் எடை பார்க்கச் சொன்னார். பசி எப்படி, சர்க்கரை உண்டா என்று கேட்டபடி ரத்தப் பரிசோதனைக்கு எழுதத் தொடங்கினார். மூலையில் குப்பைக் கூடையை மாற்றிக்கொண்டிருந்த ஆயாம்மா நிமிராமலே சொன்னார்: "உடம்பு இளைக்கிறத சொல்லலீங்க சார். நடந்தா மூச்சு வாங்குதாம்."

பேனா நின்றது. ஸ்டெதாஸ்கோப் நெஞ்சுக்குப் போனது. சீட்டில் இ.சி.ஜி. ஏறியது.

அந்த டாக்டரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஐந்தரை ஆண்டு படித்திருக்கிறார். அந்த ஒரு சொல் மட்டும் பாடத்தில் இல்லை.

இது புதிய கதையும் அல்ல. நெய்வேலி இருந்த அதே பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் திண்டிவனத்தில், 1890களில் ஒரே இரவில், மிஷனரி மருத்துவர் ஒருவரின் மகள் ஐடா ஸ்கடரைத் தேடி மூன்று வீடுகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். மூன்று வீட்டிலும் பிரசவ வலி. தந்தை மருத்துவர்தான், ஆனால் ஆண். அவரை உள்ளே விட மூன்று வீட்டாருக்கும் சம்மதமில்லை. மருத்துவம் படிக்காத இளம்பெண் ஐடாவை அழைத்தார்கள்; அவரால் முடியாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தார்கள். மருத்துவர் இருந்தார், மருந்தும் இருந்தது. அந்த வாசற்படியைத் தாண்டக்கூடிய மருத்துவர் இல்லை. ஐடா அமெரிக்கா போய் மருத்துவம் படித்துத் திரும்பினார். 1918இல் வேலூரில் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி தொடங்கினார்.

வாசற்படிகள் இப்போது இடம் மாறியிருக்கின்றன. அரசுப் பள்ளியில் படித்து எம்.பி.பி.எஸ். சேர்கிறவர்களை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தோம். நீதிபதி கலையரசன் குழு அவர்களுக்குப் பத்து விழுக்காடு இடம் ஒதுக்கச் சொன்னது. அரசு அதை 7.5 ஆக்கியது. சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதா ஆளுநர் மேசையில் வாரக்கணக்கில் கிடந்தது. 2020 அக்டோபர் 29 அன்று அரசு அரசாணையே போட்டுவிட, மறுநாள் ஒப்புதல் கிடைத்தது. முதல் ஆண்டிலேயே முந்நூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் உள்ளே போனார்கள். உடனே தகுதி பற்றிய கவலையும் கிளம்பியது. தகுதியைப் பற்றி நாம் எப்போதும், யாராவது புதிதாக உள்ளே வரும்போதுதான் கவலைப்படுகிறோம்.

அந்தப் பிள்ளைகளுக்கு நாம் ஏதோ தானம் செய்ததாக நினைப்பு. அவர்களில் ஒருவருக்கு "இளைக்குது" என்றால் என்னவென்று வீட்டிலேயே தெரிந்திருக்கும். தானம் வாங்குவது அப்படி வரும் டாக்டரா, மூச்சு வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்கும் அம்மாவா?

மற்றபடி, மருத்துவமனைகளில் பன்முகத்தன்மை இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. எல்லா ஊரும், எல்லாத் தெருவும், எல்லாச் சாதியும் அங்கே இருக்கின்றன. துடைப்பம் வரை வந்தால் பார்க்கலாம். நெய்வேலிக்காரர்களுக்குத் தெரியும், மேல்மண்ணை அள்ளிப் போட்டால்தான் அடியில் கரி கிடைக்கும் என்று. மருத்துவமனையில் யாரும் அவ்வளவு ஆழம் தோண்டுவதில்லை.

அன்று வெளியே வரும்போது அத்தை அந்த ஆயாம்மாவிடம் பேச்சுக் கொடுத்தார். அவரும் காண்ட்ராக்ட்தானாம். எந்த ஊர் என்று கேட்டதற்கு, சுரங்கத்துக்கு நிலம் போன ஒரு ஊரைச் சொன்னார்.

"எப்படிக்கா உடனே கண்டுபிடிச்ச?" என்றார் அத்தை.

"எனக்கும் ஒரு மாசமா அப்படித்தான் இளைக்குது, அதான்."

"டாக்டர்கிட்ட காட்டலியா?"

"வரிசையில நின்னா அரை நாள் கூலி போயிடும்மா" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினார். பாதியில் ஒருமுறை நின்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.