கடைசியில் மூட வேண்டிய கதவு

2023 மார்ச் 16ஆம் தேதி புதுச்சேரியில் எட்டாம் வகுப்பு வரையிலான பள்ளிகள் மூடப்பட்டன. இன்ஃபுளுவென்சா காய்ச்சல் பிள்ளைகளிடையே பரவுகிறது என்று அரசு காரணம் சொன்னது. விடுமுறை 26ஆம் தேதி வரை. அந்த நாட்களில் கடைவீதி இயங்கியது, திரையரங்கு இயங்கியது, மதுக்கடையும் இயங்கியது. பதினொரு நாள் விடுமுறையால் ஒரு தலைமுறை கெட்டுவிடாதுதான். வருத்துவது நாள்கணக்கு அல்ல. காய்ச்சல் என்ற பேச்சு எழுந்ததும் ஆட்சியாளரின் கை முதலில் பள்ளிக்கூடப் பூட்டைத்தான் தேடுகிறது. கொரோனாக் காலத்தில் அத்தனை இழந்த பிறகும் அந்தப் பழக்கம் மாறவில்லை.

தொற்றுக் காலத்தில் பள்ளி கடைசியாக மூடப்பட வேண்டும், முதலாவதாகத் திறக்கப்பட வேண்டும். இதுவே அறம். எப்படித் திறப்பது, எந்த வகுப்பை முதலில் அழைப்பது, எத்தனை பேரை ஓர் அறையில் உட்கார வைப்பது என்பவை மருத்துவரோடும் ஆசிரியரோடும் அமர்ந்து பேசித் தீர்க்க வேண்டியவை. திறக்க வேண்டுமா என்ற கேள்வியை அவற்றோடு சேர்த்துக் குழப்பியதால்தான் கொரோனாக் காலத்தில் தமிழ்நாட்டில் அத்தனை மாதங்கள் போயின.

நடந்ததை வரிசையாக நினைவுகூர்வது நல்லது, ஏனெனில் மறதி இதில் மிக வேகமாக வேலை செய்கிறது. 2020 மார்ச் நடுவில் பள்ளிகள் மூடப்பட்டன. மே 7ஆம் தேதி சென்னை தவிர்த்த மாவட்டங்களில் டாஸ்மாக் கடைகள் திறந்தன. உயர்நீதிமன்றம் மறுநாளே மூடச் சொன்னது. அரசு உச்சநீதிமன்றம் வரை போய்த் தடை வாங்கி மே 16இல் மறுபடி திறந்தது. நவம்பர் 10இல் திரையரங்குகள் பாதி இருக்கைகளோடு திறந்தன. அதே மாதம் 16ஆம் தேதி முதல் ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பள்ளி திறக்கலாம் என்று அறிவித்த அரசு, பெற்றோரைக் கூட்டிக் கருத்துக் கேட்டுவிட்டு அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. மது விற்கப் பெற்றோரிடமோ மனைவியரிடமோ யாரும் கருத்துக் கேட்கவில்லை. 2021 பொங்கலுக்கு முன் திரையரங்குகளில் முழு இருக்கைக்கும் அனுமதி தந்து, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளில் விலக்கிக்கொண்டார்கள். அந்த ஜனவரி 19இல்தான் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு மட்டும் பள்ளி திறந்தது. மார்ச்சில் பன்னிரண்டாம் வகுப்பு தவிர மற்றவை மீண்டும் மூடல். ஏப்ரல் 6இல் சட்டமன்றத் தேர்தல். அதற்கு முந்தைய வாரங்களில் ஊர்தோறும் கூடிய கூட்டத்தை யாரும் மறந்திருக்க முடியாது. செப்டம்பர் 1இல் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை திறந்தார்கள். ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கு நவம்பர் 1 வரை காத்திருப்பு.

ஆக, 2020 மார்ச்சில் ஒன்றாம் வகுப்பில் இருந்த குழந்தை, ஏறத்தாழ பத்தொன்பதரை மாதம் கழித்து மூன்றாம் வகுப்பு மாணவராகப் பள்ளிக்குள் நுழைந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிய வயதில் பள்ளி நின்றுபோனது. திரும்பி வந்தபோது பத்தி பத்தியாக வாசிக்கச் சொன்னார்கள். இடையில் எல்லோரும் தேர்ச்சி.

இந்த வரிசையைத் தீர்மானித்தது நோய் அல்ல, பொதுத்தேர்வு. யாருக்குத் தேர்வு நெருங்குகிறதோ அவர்களுக்குப் பள்ளி, மற்றவர்களுக்குக் கல்வித் தொலைக்காட்சி. ஆனால் 2021 ஜூலையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநராக இருந்த பல்ராம் பார்கவா, திறப்பதானால் தொடக்கப் பள்ளிகளை முதலில் திறப்பதே மேல் என்று வெளிப்படையாகச் சொன்னார். சிறு குழந்தைகள் இந்தக் கிருமியைப் பெரியவர்களைவிட நன்றாகத் தாங்குகிறார்கள் என்பது அவர் காட்டிய காரணம். அவர் இருந்த கழகம் ஜூன், ஜூலையில் நாடு முழுவதும் நடத்திய இரத்தப் பரிசோதனையில் ஆறு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளில் 57 விழுக்காட்டினருக்கு நோய் எதிர்ப்புப் பொருள் இருந்தது. அந்த வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஓராண்டுக்கு மேலாகப் பள்ளிப் படியையே மிதிக்காதவர்கள். பள்ளியைப் பூட்டியதால் கிருமி அவர்களிடம் வராமல் நின்றுவிடவில்லை. வந்துவிட்டுப் போயிருந்தது. பாடம்தான் வரவில்லை.

நம் முன்னோர் இதில் குழம்பவில்லை. திருக்குறளில் கல்வி அதிகாரம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். இல்லறவியலில் இல்லை. பொருட்பாலின் அரசியலில், இறைமாட்சிக்கு அடுத்த அதிகாரமாக நிற்கிறது. அரசன் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லி முடித்தவுடன் வள்ளுவர் கல்வியைப் பேசத் தொடங்குகிறார். அந்த இறைமாட்சியிலேயே, நாடாள்பவரை விட்டு ஒருபோதும் நீங்கக்கூடாத மூன்று குணங்களாக அவர் எண்ணுபவை விழிப்பும் கல்வியும் துணிவும். தொற்றுக் காலத்தில் பள்ளியைத் திறந்து வைக்க இந்த மூன்றும் வேண்டும். மூடி வைக்க ஒன்றும் வேண்டாம்.

புறநானூற்றில் பொன்முடியார் ஒரு பிள்ளையை வளர்க்கும் கடமையைப் பங்கு பிரிக்கிறார். பெற்று வளர்ப்பது தாய்க்கு, தகுதியுள்ளவனாக்குவது தந்தைக்கு, கொல்லனுக்கு ஒரு பங்கு, வேந்தனுக்கு ஒரு பங்கு. அந்தப் போர்க்காலத்து வீட்டில்கூட வேந்தன் தன் பங்கை மறுக்க முடியாது. நம் காலத்து வேந்தர்களோ தம் பங்கைத் தாயின் கைப்பேசிக்கு மாற்றி எழுதிவிட்டார்கள். எத்தனை தாய்மாரிடம் அந்தக் கைப்பேசி இருந்தது? 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு உட்படப் பதினைந்து மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும் எளிய குடும்பங்களைச் சேர்ந்த சுமார் 1,400 பிள்ளைகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. பொருளியலாளர்கள் ழான் திரேஸ், ரீத்திகா கேரா ஆகியோர் அதில் பங்கேற்றவர்கள். ஊர்ப்புறத்தில் இணையவழியில் ஒழுங்காகப் படித்தவர்கள் 8 விழுக்காடு. எதுவுமே படிக்காதவர்கள் 37 விழுக்காடு. இதற்குப் பிறகும் ‘வகுப்பு நடக்கிறது’ என்று சொன்னவர்கள் யாருடைய வகுப்பைச் சொன்னார்கள்?

இன்னொன்றும் உண்டு. மணிமேகலையின் கையில் இருந்த அமுதசுரபியை இந்த மண் வெறும் கதையாக விட்டுவிடவில்லை. காமராசர் 1956இல் பள்ளியில் மதிய உணவு போட்டார். எம்.ஜி.ஆர். 1982இல் அதைச் சத்துணவாக விரித்தார். பசித்தவருக்குச் சோறு தருவது உயிரைத் தருவது என்ற அந்தக் காப்பியத்தின் அறம் நம் பள்ளிச் சமையற்கூடத்தில் நாள்தோறும் நடந்துகொண்டிருந்தது. பள்ளி பூட்டியபோது உலையும் அணைந்தது. அரிசியும் பருப்பும் வீட்டுக்குக் கொடுத்தார்களே என்றால், கொடுத்தார்கள், மறுக்கவில்லை. வேலை போன வீட்டுக்குள் நுழையும் அரிசி அந்த வீட்டில் எல்லோருக்குமானது. பள்ளியில் தட்டில் விழும் முட்டை அந்தக் குழந்தைக்கு மட்டுமானது. பதின்ம வயதுப் பெண் பிள்ளைகளின் நிலை இதைவிடக் கடினம். பள்ளிக்குப் போகிற பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போட ஒரு காரணம் இருக்கிறது. பள்ளி இல்லாத வீட்டில் அந்தக் காரணமும் போய்விடுகிறது. வேலைக்கு அனுப்பப்பட்ட பையன்கள் சம்பளத்தைக் கண்ட பிறகு பையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வருவது எளிதல்ல என்பதை ஊர்ப்பள்ளி ஆசிரியர் எவரும் சொல்வார்.

எதிர்ப்பக்கத்தில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஒற்றை அறை வீட்டில் பேரனும் தாத்தாவும் ஒரே பாயில் படுக்கிறார்கள். 2021 மே மாதத்தில் மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்றதைப் பார்த்த எந்தத் தாயும் பிள்ளையை வெளியே விட அஞ்சியிருப்பாள். அந்த அச்சத்தைப் பழிப்பது பாவம். இரண்டாம் அலையின் உச்சத்தில் சில வாரங்கள் மூடியது சரியே.

ஆனால் அந்த அச்சத்தின் பேரால் ஒரு பழமொழி ஓயாமல் சொல்லப்பட்டது: சுவர் இருந்தால்தானே சித்திரம். உயிரைச் சுவராகவும் கல்வியைச் சித்திரமாகவும் வைத்துப் பேசினார்கள். கூலிக்காரர் வீட்டுக் குழந்தைக்குக் கல்வி சித்திரமா? அதன் சோறு, திருமண வயது, நாளைய கூலி எல்லாமே அந்தப் பள்ளியைச் சார்ந்து நிற்கின்றன. அந்தக் குழந்தைக்குப் பள்ளிதான் சுவர். செய்யத் தகாததைச் செய்தாலும் கேடு, செய்யத் தக்கதைச் செய்யாமல் விட்டாலும் கேடு என்று தெரிந்து செயல்வகையில் வள்ளுவர் இரண்டையும் ஒரே தட்டில் வைத்தார். பள்ளியைத் திறந்து ஒரு குழந்தைக்கு நோய் வந்தால் பழி அமைச்சர் மேல் விழும். திறக்காமல் இலட்சம் குழந்தைகள் படிப்பை இழந்தால் பழி யார் மேலும் விழாது. இந்தக் கணக்குத்தான் பூட்டைத் தொங்கவிட்டது.

அந்த இழப்பை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். அபிஜீத் சிங், மொரீசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய ஆய்வாளர்கள் ஊரகத் தமிழ்நாட்டில் சுமார் 19,000 குழந்தைகளைச் சோதித்தார்கள். 2019இல் அதே ஊர்களில் அதே வயதில் இருந்த பிள்ளைகளைவிட 2021 டிசம்பரில் இவர்கள் மொழியில் கணிசமாகவும் கணக்கில் இன்னும் அதிகமாகவும் பின்தங்கியிருந்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. இதைக் காட்டி, ‘பார்த்தீர்களா, எல்லாம் சரியாகிவிட்டது’ என்று சொல்பவர்கள் உண்டு. மீட்டது யார்? வகுப்பறையும், இல்லம் தேடிக் கல்வி என்று மாலையில் தெருவில் பிள்ளைகளைக் கூட்டி உட்கார வைத்த தன்னார்வலர்களும். மீட்சியில் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு அந்த மாலை வகுப்புகளின் பயன் என்று அதே ஆய்வு சொல்கிறது. ஓர் ஆள் ஒரு பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? அந்த உட்காருதலைத்தானே பத்தொன்பது மாதம் தடுத்தோம்!

எனில், எப்படித் திறப்பது? மருந்து அதிகாரத்தில் வள்ளுவர் மருத்துவருக்குச் சொல்வது ஆட்சியருக்கும் பொருந்தும்: நோயாளியின் நிலை, நோயின் கடுமை, காலம் மூன்றையும் எடைபோட்டுச் செய்ய வேண்டும். 2020 ஏப்ரல் 15இல் டென்மார்க் சிறு பிள்ளைகளை முதலில் அழைத்தது. சிறு குழுக்களாகப் பிரித்து, முடிந்த நேரமெல்லாம் வெளியில் உட்கார வைத்துப் பாடம் நடத்தியது. அடுத்த மாதம் இஸ்ரேல் எல்லா வகுப்புகளையும் நிறைத்துத் திறந்தது. வெயில் கடுமையானதும் முகக்கவசம் வேண்டாம் என்றார்கள். எருசலேமில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் தொற்று வெடித்தது. வேறுபாட்டைச் செய்தது நாட்டின் செல்வம் அல்ல, முறை.

கொரோனா காற்றில் பரவுவது. இங்கேயோ நெற்றியில் வெப்பம் பார்க்கும் கருவியும் சானிடைசரும் வாங்குவதில் காட்டிய அக்கறையில் பாதிகூட ஜன்னல்மேல் காட்டப்படவில்லை. நம் அரசுப் பள்ளிகளில் பலவற்றுக்குத் திறந்த தாழ்வாரமும் வேப்பமரமும் உண்டு. மரத்தடியில் பாடம் நடத்திய பரம்பரைக்குத் தொற்றுக் காலப் பள்ளி எப்படி இருக்க வேண்டும் என்று வெளியார் வந்து சொல்லித் தர வேண்டியதில்லை. அறைக்கு இருபத்தைந்து பேர் என்று அரசு அப்போது வகுத்த வரம்பு நல்லது. இடம் போதாத பள்ளியில் ஒருநாள் விட்டு ஒருநாள் வரட்டும். சாப்பாட்டைப் பந்தி பந்தியாகப் பிரித்துப் போடலாம். குளிரூட்டி போட்டு ஜன்னலைச் சாத்தி வைத்திருக்கும் தனியார் வகுப்பறைகளைத்தான் முதலில் சோதிக்க வேண்டும்.

ஆசிரியர்களின் உயிரைப் பற்றியும் பேச வேண்டும். அவர்களைக் காட்டித்தான் பல நேரம் பள்ளி மூடப்பட்டது. ஆனால் தடுப்பூசி வரிசையில் அவர்களுக்குத் தொடக்கத்தில் தனியிடம் இல்லை. 2021 ஆகஸ்ட் இறுதியில்தான் ஆசிரியர் நாளுக்குள் எல்லா ஆசிரியருக்கும் ஊசி போட்டுவிடுங்கள் என்று ஒன்றிய அரசு கூடுதல் மருந்து தந்தது. அதற்கு முன்பே வாக்குச்சாவடிப் பணிக்கு அவர்களை அனுப்பியாயிற்று. உத்தரப் பிரதேச ஊராட்சித் தேர்தல் பணியால் 1,600க்கும் மேற்பட்ட ஆசிரியர்களும் பணியாளர்களும் இறந்ததாக ஆசிரியர் சங்கம் சொன்னது. அரசு அந்தக் கணக்கை ஏற்கவில்லை. எண்ணிக்கை எதுவானாலும், தேர்தலுக்கு ஆபத்தை ஏற்கச் சொன்ன அரசு, பாடம் நடத்த மட்டும் அவர்கள் உயிர்மேல் பரிவு காட்டியது முறையல்ல. ஆசிரியப் பெருமக்களும் இங்கே தம் பங்கை உணர வேண்டும். ஊசியும் காற்றோட்டமும் விடுப்பு உரிமையும் கேட்டு வாங்குங்கள். வாங்கிய பின் வகுப்புக்கு வாருங்கள். பெற்றோர்களே, திருமண மண்டபத்துக்கு அழைத்துப் போகும் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பத் தயங்காதீர்கள். வீட்டில் முதியவர் இருந்தால் அவருக்கு முதலில் ஊசி போடுங்கள்.

சட்டம் செய்வோரிடம் கேட்பது ஒன்று உண்டு. அடுத்த தொற்று எப்போது வரும் என்று யாரும் அறியார். அதற்குமுன் விதியை எழுதி வைக்க நேரம் இருக்கிறது. பள்ளிகளை மூடும் ஆணை மாநிலம் முழுமைக்கும் ஒன்றாக வரக்கூடாது, மாவட்டத்துக்கு மாவட்டம், முடிந்தால் ஒன்றியத்துக்கு ஒன்றியம் வர வேண்டும். பதினான்கு நாளில் அது தானாகவே காலாவதியாக வேண்டும். நீட்டிக்க விரும்பும் மாவட்ட ஆட்சியர், நோயின் நிலவரத்தோடு, பள்ளிக்கு முன்னதாக எந்தெந்த இடங்களை மூடினார் என்ற பட்டியலையும் எழுத்தில் வெளியிட வேண்டும். அதில் மதுக்கடையும் திரையரங்கும் மண்டபமும் அரசியல் கூட்டமும் இல்லையென்றால் நீட்டிப்பு செல்லாது.